நிலம் வேண்டும், ரூத் வேண்டாமா?



இந்த மாதம் ரூத்தின் புஸ்தகம் நாலாம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அறுவடைக் களத்தையும் கதிர் பொறுக்கின ரூத்தையும் பற்றி நாம் எத்தனையோ செய்தி கேட்டிருக்கிறோம். பெத்லெகேம் பட்டணத்து வாசலில் நடந்த அந்தப் பஞ்சாயத்தைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பிரசங்கிப்பதில்லை. அது ஒரு சொத்து வழக்கு. மரித்துப்போன எலிமெலேக்கின் நிலம் விலைக்கு வருகிறது. போவாஸ் வாசலிலே போய் உட்காருகிறார். நெருங்கின உறவுமுறையான் ஒருவன் அந்த வழியாய் வருகிறான். நெருங்கின உறவுமுறையான் ஒருவன் அந்த வழியாய் வருகிறான். "நிலத்தை மீட்டுக்கொள்ளுகிறாயா?" என்று கேட்டவுடனே அவன், சரி என்று சொல்லிவிட்டான். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை! ஆனால் போவாஸ் அடுத்ததைச் சொன்னாரே. நிலத்தை வாங்குகிற அன்றைக்கே மரித்தவனுடைய மனைவியாகிய ரூத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், மரித்தவனுடைய பேர் நிலைக்க வேண்டும் என்றார். அவ்வளவுதான், அந்த மனுஷன் பாதரட்சையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினான்.

அவனுக்கு நிலம் வேண்டும். ரூத் வேண்டாம். வேதம் அவன் பேரைக்கூட எழுதி வைக்கவில்லை, கவனித்தீர்களா?

தேவபிள்ளைகளே, இன்றைக்கு நம்முடைய பட்டணத்து வாசல் எது? தாலுகா ஆபீஸ்தான். கருவூலம்தான். சார்பதிவாளர் ஆபீஸ்தான். ஒரு அரசாங்க ஊழியன் மரித்துப்போனால் அவனுடைய விவாக ஜீவியம் எப்படிப்பட்டது என்று அந்த வாசலிலே தெரிந்துவிடும். சர்வீஸ் ரெஜிஸ்டரில் யார் பேர்? ஜி.பி.எப். நாமினி யார்? வாரிசு சான்றிதழில் யார் யார்? பேமிலி பென்ஷன் பாரத்தில் எந்த ஸ்திரீயின் போட்டோ ஒட்டப்படும்? உயிரோடு இருந்தபோது மனுஷன் மறைத்து வைத்ததையெல்லாம், அவன் போன பிறகு ஒரு கிளார்க் நாலு கேள்வியிலே வெளியே கொண்டுவந்து விடுகிறார்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு அடக்க ஆராதனைக்கு ஜெபிக்கப் போயிருந்தேன். மரித்தவர் அரசு ஊழியர், சபைக்கு ஒழுங்காய் வருகிறவர், தசமபாகம் தவறாதவர். பெட்டியை மூடப் போகிற நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கிராமத்திலிருந்து ஒரு அம்மாள், கூடவே கலியாண வயதில் ஒரு மகள். பெட்டியின் தலைமாட்டில் இன்னொரு சகோதரி இரண்டு பையன்களோடு நின்றுகொண்டிருந்தார்கள், நாங்கள் யாவரும் "சிஸ்டர்" என்று கூப்பிடுகிற சகோதரி. அந்த இரண்டு ஸ்திரீகளும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். பிறகு தெரிந்தது இதுதான். சர்வீஸ் ரெஜிஸ்டரில் கிராமத்து அம்மாள் பேர். ஜி.பி.எப். நாமினியிலே பட்டணத்து சகோதரியின் பேர். இரண்டு பேரும் மனு கொடுத்தார்கள், இரண்டு பேரும் ஆட்சேபணை கொடுத்தார்கள். ஆபீஸ் என்ன செய்யும்? "கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கிட்டு வாங்க" என்று பைலை மூடி வைத்துவிட்டது. பள்ளிக்கூடப் பீஸ் கட்ட முடியாமல் அந்தப் பையன்கள் நின்றார்கள். கலியாணத்துக்கு நிச்சயித்த அந்த மகளின் காரியமும் நின்று போயிற்று. ஒரு மனுஷனுடைய மாம்சத்துக்கு எத்தனை பேர் வட்டி கட்டுகிறார்கள், பாருங்கள்.

சட்டம் இதிலே என்ன சொல்லுகிறது என்று நம் ஜனங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆகையால் கொஞ்சம் விவரமாய் எழுதுகிறேன். நம்முடைய மாகாணத்தில் இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடுத்து 1949-லேயே சட்டம் வந்துவிட்டது. தேசம் முழுவதற்கும் 1955-ல் இந்து திருமணச் சட்டம் வந்தது. கிறிஸ்தவனுக்கோ ஒருதாரம்தான் என்பது முதலிலிருந்தே உள்ளது. அரசு ஊழியனுக்கு இதற்கு மேலும் ஒரு கட்டு உண்டு. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-ல் வந்தது, தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-ல் வந்தது. துணை உயிரோடு இருக்கையில் இன்னொரு விவாகம் செய்வதை இரண்டும் தடுக்கிறது. இது கிரிமினல் குற்றமும்கூட. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 494-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 82-ஆம் பிரிவு. ஏழு வருஷம் வரை சிறை.

"அதெல்லாம் சரி பாஸ்டர், நான்தான் நாமினியிலே அவ பேரை எழுதிட்டேனே" என்கிறவர்கள் உண்டு. சகோதரனே, நாமினி என்றால் சொந்தக்காரர் என்று அர்த்தமல்ல. இன்சூரன்ஸ் பணத்தைக் குறித்து 1984-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: நாமினி கையிலே வாங்கிக்கொள்ளுகிறவர்தான், பங்கு வாரிசுகளுக்கு. 2000-ஆம் வருஷம் பீகார் மாநில ஊழியர் ஒருவருடைய வழக்கில், முதல் மனைவி உயிரோடிருக்கச் செய்த இரண்டாம் விவாகம் செல்லாது, அந்த ஸ்திரீ சட்டப்படி விதவை அல்ல, பென்ஷன் அவளுக்குக் கிடையாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் அதே தீர்ப்பிலே அவளுடைய பிள்ளைகளுக்குப் பங்கு கொடுத்தார்கள். மைனர் பிள்ளைகளுக்கு வயது வருகிற வரைக்கும் பென்ஷனிலும் பங்கு, பணிக்கொடையிலும் பங்கு.

இதை வாசித்தபோது உபாகமம் 21-ஆம் அதிகாரம் என் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு மனைவிகள் உள்ள ஒருவன், ஒருத்தியை நேசிக்கிறான், ஒருத்தியை வெறுக்கிறான். மூத்த மகன் வெறுக்கப்பட்டவளுக்குப் பிறந்திருக்கிறான். அவனுடைய சேஷ்டபுத்திர பாகத்தைத் தள்ளி, பிரியமானவளின் மகனுக்குக் கொடுக்கக் கூடாது என்று மோசே கட்டளையிடுகிறார். தகப்பனுடைய மனசு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிள்ளையின் பங்கு சாயக் கூடாது. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தின கட்டளைக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அங்கே ஒரே மனசு இருக்கிறது. அல்லேலூயா!

2008-ல் இன்னொரு வழக்கு, ஒரு நிலக்கரிச் சுரங்க ஊழியருடையது. அவரும் இரண்டாம் ஸ்திரீயை நாமினி போட்டிருந்தார், நாலு பிள்ளைகளும் அவளுக்குத்தான். பணத்தை வாங்கும் சான்றிதழை நீதிமன்றம் அவள் கையிலே கொடுத்தது. ஆனால் ஐந்தில் ஒரு பங்கைச் சட்டப்படியான மனைவிக்கு ஒதுக்கி வைக்கச் சொன்னது. நீதிபதிகளுக்கே தர்மசங்கடம். வீட்டுக்காரன் ஒரே ஒரு கையெழுத்திலே போட்ட முடிச்சை அவிழ்க்க எத்தனை வருஷம், எத்தனை வக்கீல்!

இந்தப் பென்ஷன் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் விவாகம் என்றால் என்ன என்கிற கேள்வியிலேதான் போய் நிற்கிறது. 2010-ல் நம்முடைய தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு ஜீவனாம்ச வழக்கிலே, விவாகம் இல்லாமல் சேர்ந்து வாழ்கிற எல்லா உறவும் விவாகத்துக்கு ஒப்பாகாது, சமுதாயத்துக்கு முன் புருஷனும் மனைவியுமாய் நடந்திருக்க வேண்டும், இருவரும் விவாகம் செய்யத் தகுதியுள்ளவர்களாயும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அளவுகோல் வைத்தது. 2023 அக்டோபரில் ஒரே பாலினத்தவர் விவாகத்தைக் குறித்து ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். விவாக உரிமையை நீதிமன்றம் கொடுக்க முடியாது என்றார்கள். ஆனாலும் ரேஷன் கார்டு, பேங்க் கணக்கு, பென்ஷன் முதலான காரியங்களைப் பரிசீலிக்க கமிட்டி அமைப்பதாய் அரசாங்கம் சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள். அந்த மாதம் அநேக பிரசங்க பீடங்களில் அதுவே பேச்சு. விவாகத்தைக் குறித்து வேதம் போதிப்பதிலே நான் ஒரு எழுத்தும் குறைக்க மாட்டேன். ஆனால் நம் வாசலுக்கு வராதவர்களைக் குறித்து மேஜையைத் தட்டிப் பேசுவது சுலபம், அதற்கு ஆமென் பலமாய் வரும். மூன்றாவது பெஞ்சிலே உட்கார்ந்து கைதட்டுகிற சகோதரனுக்கு இரண்டு வீடு இருக்கிறதே, அதைச் சொன்னால் ஆமென் வருமா? நியாயத்தீர்ப்பு முந்தித் தேவனுடைய வீட்டிலே துவங்கும் என்று பேதுரு அப்போஸ்தலன் எழுதினது சும்மாவா?

ஒருவர் என்னிடம் வந்தார். "பாஸ்டர், அந்தக் கலியாணம் நான் இரட்சிக்கப்படுறதுக்கு முன்னாடி, கோயில்ல வெச்சு நடந்தது. இப்ப நான் புது சிருஷ்டி. பழசெல்லாம் ஒழிஞ்சு போச்சு. இந்த சகோதரியை ஜெபிச்சு எனக்குக் கொடுங்க" என்றார். வசனத்தோடே வந்துவிட்டார்! நான் அவரை உட்கார வைத்து 1 கொரிந்தியர் ஏழாம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னேன். அவிசுவாசியான மனைவி உன்னோடே வாழ சம்மதித்தால் அவளைத் தள்ளாதே என்பதுதான் அங்கே பவுலின் உபதேசம். அப்படியானால், அவிசுவாசத்தில் நடந்த விவாகத்தையும் பவுல் விவாகம் என்றுதானே எண்ணுகிறார்? புது சிருஷ்டியானவன் பழைய பாவத்தை விட வேண்டும், பழைய பெண்சாதியை அல்ல. தேசத்தின் நீதிமன்றமும் இதையேதான் சொல்லியிருக்கிறது. இந்து மார்க்கத்தில் விவாகம் பண்ணினவன் மதம் மாறிவிட்டு இரண்டாம் விவாகம் செய்தால் அது செல்லாது என்று 1995-ல் தீர்ப்பு வந்தது. முழுக்கு ஞானஸ்நானத் தொட்டியிலே தாலி கரைந்து போகாது, சகோதரனே!

இன்னொருவர் இருபது ரூபாய்ப் பத்திரத்தோடு வந்தார். "பஞ்சாயத்துல தீர்த்து எழுதி வாங்கிட்டோம்" என்றார். கிறிஸ்தவ விவாகத்தை அப்படித் தீர்க்க முடியாது. நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் அந்தப் பத்திரத்தை எந்தக் கருவூலமும் வாங்காது, நானும் வாங்க மாட்டேன்.

இப்பொழுது ஊழியக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இதை மனவருத்தத்தோடே எழுதுகிறேன். நம்மில் சிலர் வீட்டு மாடியிலே நாலு பேரை வைத்துக்கொண்டு ஜெபித்து, மாலை மாற்றி, "கர்த்தர் இணைத்தார்" என்று அனுப்பிவிடுகிறோம். 1872-ஆம் வருஷத்து இந்திய கிறிஸ்தவ திருமணச் சட்டத்தின்படி அதற்கு அதிகாரம் பெற்றவர்தான் விவாகம் நடத்தலாம். நம்மைப் போன்ற சுயாதீன சபைப் போதகர்களுக்கு அரசாங்க லைசென்ஸ் வேண்டும். அதிகாரம் இல்லாமல் நடத்துகிறவருக்குப் பத்து வருஷம் வரை சிறை என்று அந்தச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு சொல்லுகிறது. எத்தனை பேருக்கு இது தெரியும்? அபிஷேகம் இருக்கிறது, லைசென்ஸ் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். போவாஸும் தேவபக்தியுள்ள மனுஷன்தான். ஆனாலும் களத்து மேட்டிலே ராத்திரியில் காரியத்தை முடித்துக்கொள்ளாமல், விடிந்ததும் வாசலுக்குப் போய்ப் பத்து மூப்பர்களைச் சாட்சி வைத்தாரே!

விவாகப் பதிவை எல்லா மதத்தாருக்கும் கட்டாயமாக்கும்படி 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, தமிழ்நாட்டில் 2009-ல் சட்டமே வந்தது. விவாகமான 90 நாளுக்குள் பதிய வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு விதவைச் சகோதரியின் கையில் இருந்ததெல்லாம் விவாக ஆல்பம் ஒன்றுதான். உண்மையான மனைவி, ஒரே மனைவி, இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தவள். விவாகம் நடத்தின ஊழியக்காரரும் கர்த்தருக்குள் போய்விட்டார். சபையிலே ரிஜிஸ்தரும் இல்லை. "நீங்கதான் மனைவின்னு என்ன ஆதாரம்மா?" என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டபோது, அந்தச் சகோதரி ஆல்பத்தை எடுத்து நீட்டினார்களாம். இதை என்னிடம் சொல்லி அழுதார்கள். புருஷன் செத்ததற்கு அழுததைவிட அதிகமாய் அழுதார்கள் என்றுதான் எனக்குத் தோன்றிற்று.

இன்னும் ஒரு காரியம் உண்டு, நம் பத்திரிகையில் யாரும் தொடாத காரியம். விதவை மறுமணம் செய்தால் பென்ஷன் நின்றுவிடும், அல்லது பிள்ளைகளுக்குப் போகும் என்பது பொதுவான விதி. மத்திய அரசில் பிள்ளையில்லாத விதவைக்கு 2006 முதல் கொஞ்சம் தளர்த்தி, அவளுக்குப் போதுமான வருமானம் இல்லாவிட்டால் மறுமணத்துக்குப் பிறகும் கிடைக்கும்படி செய்தார்கள். ஆகவே இளம் விதவைகள் சிலர், "பாஸ்டர், ரிஜிஸ்தர் வேண்டாம், வெளியே சொல்ல வேண்டாம், வீட்டுக்கு வந்து ஜெபம் மட்டும் பண்ணிக் கொடுங்க" என்று கேட்கிறார்கள். நான் அவர்களைக் கடிந்துகொள்ளுகிறதில்லை. பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாய் நிற்கிறவளுக்கு மாதம் வருகிற அந்தப் பணம் எவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரியும். கடைசி அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு முப்பதுதான், அதிலேதான் வாடகை, அதிலேதான் அரிசி. ஆனாலும் அந்த ஜெபத்தை நான் பண்ணுகிறதில்லை. மறைத்து வைத்த விவாகத்தில் அந்த இரண்டாம் புருஷன் நாளைக்கு எழுந்து போய்விட்டால், நீ அவனுக்கு மனைவி என்று சொல்ல எந்த வாசலிலே உனக்குச் சாட்சி இருக்கும், மகளே? அந்தப் பென்ஷன் பணத்துக்காக உன்னை மறைத்து வைக்கச் சம்மதிக்கிறவன், ரூத் வேண்டாம் என்று பாதரட்சையைக் கழற்றினவனைவிட எந்த விதத்தில் மேல்?

2024 ஜனவரியில் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. விவாகரத்து வழக்கோ, குடும்ப வன்முறை வழக்கோ, வரதட்சணைக் கொடுமை வழக்கோ நடந்துகொண்டிருக்கிற பெண் ஊழியர், புருஷனுக்கு முன்பாகத் தன் பிள்ளைகளுக்குப் பேமிலி பென்ஷன் போகும்படி எழுதிக் கொடுக்கலாம். இதைக் கேட்டுச் சில சகோதரர்களுக்குக் கோபம் வந்தது. "புருஷன் தலை இல்லையா?" என்றார்கள். மல்கியா இரண்டாம் அதிகாரம் பதினாலாம் வசனத்தை வாசியுங்கள். இளவயதில் கைபிடித்தவளுக்குத் துரோகம் பண்ணினவனைப் பார்த்து, உடன்படிக்கைக்குச் சாட்சியாய்க் கர்த்தர் தாமே நின்றார் என்கிறார் தீர்க்கதரிசி. அடித்த கைக்கே அவள் மரணத்துக்குப் பிறகு பென்ஷன் போக வேண்டும் என்று கேட்க, அந்தச் சாட்சிக்கு முன் யாருக்கு வாய் வரும்?

சரி, அந்தப் பட்டணத்துச் சகோதரி என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். சட்டம் அவளை விதவை அல்ல என்றது. சபையில் சிலர் அதற்கு மேலே போய் விட்டார்கள். நேற்று வரை பக்கத்திலே உட்கார்ந்து பாடினவர்கள் பாயை நகர்த்திப் போட்டார்கள். அவள் ஏமாந்துதான் போனாள். முதல் மனைவி இறந்துவிட்டதாகச் சொல்லி அவளைக் கட்டினான் அந்த மனுஷன். ஆகாரை நினைத்துப் பாருங்கள். ஆபிரகாமின் கூடாரத்தில் அவளுக்குப் பங்கில்லை, அது உண்மை. ஒரு துருத்தித் தண்ணீரோடு அனுப்பிவிட்டார்கள். ஆனால் வனாந்தரத்திலே பிள்ளையின் சத்தத்தைத் தேவன் கேட்டார், அவள் கண்களைத் திறந்து துரவைக் காண்பித்தார். சுதந்தரம் இல்லாதவளுக்குத் தண்ணீர் இல்லை என்று தேவன் சொல்லவில்லையே!

ஆதிச் சபையில் முதல் சச்சரவே விதவைகளின் சகாயத்தைக் குறித்துத்தான் வந்தது. அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரம்: கிரேக்க பாஷைக்காரரின் விதவைகள் அன்றாடப் பந்தியில் விடப்பட்டார்கள் என்று முறுமுறுப்பு. அப்போஸ்தலர்கள் அதை அற்பமாய் எண்ணாமல், பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழு பேரை ஏற்படுத்தினார்கள். பந்தி விசாரிப்புக்கு ஆவியின் நிறைவு வேண்டுமாம்! பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறபோது விதவைகளின் பட்டியலே வைக்கச் சொல்லுகிறார், அறுபது வயது, ஒரே புருஷனுக்கு மனைவியாயிருந்தவள் என்று தகுதியும் வைக்கிறார். ஆகவே தகுதி பார்ப்பது பாவமல்ல. ஆனால் பட்டியலில் வராதவளைத் தெருவிலே விட்டுவிடச் சொல்லவும் இல்லை. நாங்கள் அந்த அம்மாளையும் சகோதரியையும் ஒரே அறையிலே உட்கார வைத்துப் பேச மூன்று மாதம் ஆயிற்று. கடைசியில் அந்தக் கிராமத்து அம்மாள்தான், "பென்ஷன் எனக்கு வரட்டும், அந்தப் பசங்க பங்கை நான் தடுக்க மாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். கைநாட்டுதான். பையன்களின் பள்ளிக்கூடப் பீஸைச் சபை இரண்டு வருஷம் கட்டிற்று. அந்தச் சகோதரி இப்பொழுது தையல் வேலை செய்கிறார்கள், ஞாயிறுதோறும் வருகிறார்கள், பாயை யாரும் நகர்த்துகிறதில்லை.

வருகிற உபவாச ஜெபத்துக்கு வரும்போது வேதாகமத்தோடு உங்கள் விவாகச் சான்றையும், நாமினி பாரத்தின் நகலையும் கொண்டுவாருங்கள். அரசு வேலையில் இருக்கிறவர்கள் மட்டுமல்ல, மில்லிலே, போக்குவரத்துக் கழகத்திலே, பேங்கிலே வேலை செய்கிறவர்களும் கொண்டுவரலாம். பதியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். நம் சபையில் கருவூலத்தில் ரிட்டயர் ஆன மூப்பர் ஒருவர் இருக்கிறார், ஜெபம் முடிந்ததும் பின் பெஞ்சிலே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். என்ன பாரம், எந்த ஆபீஸ் என்று எழுதிக் கொடுப்பார். இரண்டு வீடு வைத்திருக்கிற சகோதரனே, நீயும் வா. உன்னிடம் மட்டும் நான் தனியாய்ப் பேச வேண்டும். எந்நேரமானாலும் பரவாயில்லை, கதவைப் பூட்டாமல் காத்திருப்பேன்.

கர்த்தருடைய கிருபை உங்களோடிருப்பதாக. ஆமென்.